பரணில் கிடைத்த பென்னிகள்: புளி போட்டு விளக்கலாமா?

லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "புதிதாக வாங்கிய பழைய வீட்டின் பரணில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய காசு இருந்தது. பெரிய பெரிய பென்னிகள், ஷில்லிங், அரைக் கிரவுன், குருவி போட்ட சின்னக் காசுகள். 1967 பென்னி லட்சக்கணக்கில் விலை போகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா? விற்பதற்கு முன் புளி போட்டு விளக்கிவிடட்டுமா?"

முதலில் அந்தப் புளியைக் கீழே வையுங்கள். குத்துவிளக்கு பளபளத்தால் அழகு, பழங்காசு பளபளத்தால் நஷ்டம். பென்னியின் மேலே இருக்கும் பழுப்பு நிறம் அழுக்கு அல்ல. வெண்கலத்தில் பல வருடங்களில் தானாகப் படிந்த மேல்பூச்சு. புளி அதைத் தின்றுவிட்டால் அடியில் அசட்டு இளஞ்சிவப்பு தெரியும். சேகரிப்பாளர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்து, விலையைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுவார்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள், தூசியை ஊதிவிடுங்கள், அது போதும்.

1967 விஷயம் வெறும் புரளி. அந்த வருடம் பொறித்த பென்னி 65 கோடிக்கும் மேல். எத்தனை காசு அடித்தார்கள், எத்தனை தேய்ந்திருக்கிறது, என்ன உலோகம் என்பவைதான் விலையைச் சொல்லும். வயது அதற்கு அப்புறம்தான்.

பிரிட்டனின் பழைய கணக்கில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆக, பவுண்டுக்கு 240 பென்னி. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி என்று கணக்குப் போட்ட நம் பாட்டிமாருக்கு இது பெரிய புதிரில்லை. நாம் 1957இல் அதைக் கைவிட்டோம். பிரிட்டன் 1971 பிப்ரவரி 15 வரை இழுத்தது.

சரி, டப்பாவைக் கொட்டுங்கள். வெள்ளை நிறக் காசுகளைத் தனியே எடுத்து வருடம் பாருங்கள். 1919 வரை உள்ளவற்றில் 92.5 சதவீதம் வெள்ளி. முதல் உலகப் போருக்குப் பின் வெள்ளி விலை ஏறியதால் 1920 முதல் 1946 வரை பாதிதான். 1947 முதல் வெள்ளியே இல்லை, செம்பும் நிக்கலும். அரைக் கிரவுன், அதாவது இரண்டரை ஷில்லிங் காசின் எடை 14.14 கிராம். அதாவது 1919 காசில் ஏறக்குறைய 13 கிராம் வெள்ளி, 1930 காசில் 7 கிராம். காசு மழுங்கத் தேய்ந்திருந்தாலும் இந்த வெள்ளிக்கு உரிய விலை உண்டு. சர்ச்சில் உருவம் போட்ட 1965 கிரவுன் (5 ஷில்லிங் காசு) இருந்தால் பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். கிட்டத்தட்ட 2 கோடி அடித்தது, வெள்ளியும் கிடையாது.

அடுத்து பென்னி. 1912, 1918, 1919 வருடக் காசுகளை பூதக்கண்ணாடியில் பாருங்கள். வருடத்துக்கு இடப்பக்கம் பொடியாக 'எச்' என்ற எழுத்தோ, 1918, 1919 காசுகளில் 'கே.என்.' என்றோ இருக்கலாம். அரசு நாணயச்சாலையால் சமாளிக்க முடியாமல் பர்மிங்ஹாம் ஆலைகளுக்குக் கொடுத்து அடித்தவை இவை. தேய்ந்திருந்தால் சில பவுண்டு. ராஜாவின் தலைமுடி தெளிவாகத் தெரிந்தால் விலை பல மடங்கு ஏறும். 1951 பென்னியும் கவனிக்க வேண்டியதுதான்: 1,20,000 மட்டுமே அடித்து, பெரும்பாலானதை பெர்முடாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

1933 பென்னி என்றால் உலகில் விரல் விட்டு எண்ணும் அளவே உண்டு. புழக்கத்துக்குப் போதுமான பென்னி இருந்ததால், அடிக்கல்லின் கீழ் வைக்கவும் அருங்காட்சியகங்களுக்கும் என்று சில மட்டும் பொறித்தார்கள். லீட்ஸில் ஒரு தேவாலயத்தின் அடியில் இருந்ததை 1970இல் யாரோ திருடிக்கொண்டு போனார்கள். உங்கள் டப்பாவில் 1933 தெரிந்தால் துள்ளாதீர்கள். கடைசி இலக்கத்தைச் சுரண்டி மாற்றிய போலிகள் நிறைய.

குருவிக் காசு கால் பென்னி, 1937 முதல் 1956 வரை வந்தது. பெரும்பாலும் சில்லறை விலைதான், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. இன்னொன்றும் பாருங்கள்: 1948 வரையிலான பென்னியில் ராஜாவின் தலையைச் சுற்றி 'இண்ட் இம்ப்' என்று இருக்கும், இந்தியாவின் பேரரசர் என்று பொருள். 1949 காசில் அது காணாமல் போய்விட்டது. விலையில் வித்தியாசம் இல்லை. பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு சுகம்.

விற்பதானால் வெள்ளியை எடை போட்டு, அன்றைய வெள்ளி விலையைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். 'எச்', 'கே.என்.' ஏதாவது தட்டுப்பட்டால் ஃப்ளாஷ் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.