வேப்பிலைச் சாறு சேர்த்ததும் கரைசல் பால் போல வெளுப்பது ஏன்?

கேள்வி: குளச்சலில் இருந்து நாகர்கோவிலுக்குப் போய் எம்.எஸ்சி. படிக்கிறேன். இலைச்சாற்றால் வெள்ளி நானோதுகள் (மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள்) செய்யும் புராஜெக்டுக்காக வேப்பிலையை வீட்டிலேயே கொதிக்கவைத்து வடிகட்டி எடுத்துப் போனேன். சில்வர் நைட்ரேட்டில் சேர்த்ததும் பழுப்பு நிறம் வராமல் பால் போலக் கலங்கிவிட்டது. இலையில் கோளாறா?

பதில்: முதலில் எந்தத் தண்ணீரில் கொதிக்கவைத்தீர்கள் என்று பாருங்கள். வீட்டுக் கிணற்று நீர் என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கும். அதிலுள்ள குளோரைடு வெள்ளி அயனியோடு சேர்ந்து சில்வர் குளோரைடாகப் படிந்துவிடும். நீங்கள் பார்த்த வெள்ளைக் கலங்கல் அதுவே.

கொஞ்சம் கணக்குப் போடலாம். குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். அது சுமார் 7 மில்லிமோலார் (லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்ற செறிவு அளவு). 1 மில்லிமோலார் சில்வர் நைட்ரேட் 90 மி.லி.யில், அப்படிப்பட்ட நீரில் எடுத்த சாறு 10 மி.லி. விட்டாலே முக்கால்வாசி வெள்ளி போய்விடும். நல்ல குடிநீருக்கே இந்தக் கதி என்றால் உவர்நீரைச் சொல்லவே வேண்டாம்.

இதில் ஏமாறவும் இடமுண்டு. சில்வர் குளோரைடு வெளிச்சம் பட்டால் கருக்கும். அதைப் பார்த்து நானோதுகள் வந்துவிட்டது என்று ரெக்கார்டில் எழுதிவிடாதீர்கள். நானோதுகள் உருவானால் கலங்கல் இல்லாமல் மஞ்சளாகத் தொடங்கிப் பழுப்பாகும். கரைசல் எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் யுவி-விசிபிள் கருவியில் 400 முதல் 450 நானோமீட்டருக்குள் உறிஞ்சல் உச்சம் தெரியும்.

சரி, இனி என்ன செய்வது? சாறு எடுக்க, கரைசல் தயாரிக்க, குடுவையைக் கடைசியாக அலச, எல்லாவற்றுக்கும் டிஸ்டில்டு வாட்டர்தான். கேன் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் போதாது. சந்தேகம் என்றால் அந்த நீரில் இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலம், பிறகு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். கலங்கினால் அந்த நீர் வேண்டாம். கடற்காற்றில் நிற்கும் மரத்தின் இலையில் உப்புப் படிந்திருக்கும், அதையும் நன்றாகக் கழுவுங்கள். இலைக்குள்ளேயே கொஞ்சம் குளோரைடு இருக்கும் என்பதால் லேசான கலங்கல் மிஞ்சலாம். அது தொல்லையாக இருந்தால் நம் மாவட்டத்து மாறாமலைக் கிராம்பை முயன்று பாருங்கள். அதிலுள்ள யூஜெனால் என்ற சேர்மம் வெள்ளி அயனியை நன்றாக ஒடுக்கும், அதாவது எலெக்ட்ரான் தந்து வெள்ளியாக மாற்றும். சாறு சேர்க்காத சில்வர் நைட்ரேட் ஒரு குடுவையிலும், வெறும் சாறு இன்னொன்றிலும் ஒப்பிட இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று. இலைச்சாற்றில் செய்தாலும் கழிவில் இருப்பது வெள்ளிதான். நீர்வாழ் உயிர்களுக்கு அது நஞ்சு. சிங்க்கில் ஊற்றாமல் தனிப் பாட்டிலில் சேர்த்து, லேபில் ரசாயனக் கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.