நோட்டீஸில் மூன்று முகாம்: எதற்கு யாரைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: எங்கள் எம்எல்ஏ அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வீடு நோட்டீஸ் கொடுத்தார்கள். வேலைவாய்ப்பு முகாம், முதல்வர் காப்பீட்டு அட்டை முகாம், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பு என மூன்றும் அதில் இருக்கின்றன. நாங்கள் மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள், 18 வயதும் ஆகிவிட்டது. மாமியாருக்கு இதயத்தில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டுமாம். நோட்டீஸ் கொண்டுவந்தவர், "படிவத்தில் கையெழுத்து மட்டும் போடுங்கள், மற்றதை நாங்களே நிரப்பிக்கொள்கிறோம்" என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் மாமியார் விஷயம், அதுதான் அவசரம்.

காப்பீட்டு அட்டைக்கு முகாம் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இதற்கென்று மையம் இருக்கிறது. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றும் தேவை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

பலர் இடறி விழுவது ரேஷன் கார்டில்தான். மாமியார் உங்கள் வீட்டில் இருந்தாலும் அவர் பெயர் யாருடைய கார்டில் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். மூத்த மகன் கார்டில் இருந்தால் உங்கள் காப்பீட்டு அட்டை மாமியாருக்குச் செல்லாது. கார்டில் பெயர் உள்ளவர்கள்தான் இந்தத் திட்டத்துக்குக் குடும்பம். மூத்தவருக்கு ஏற்கெனவே காப்பீட்டு அட்டை இருந்தால் அதையே பயன்படுத்திக்கொள்ளலாம், பெயரை மாற்றிக்கொண்டு அலைய வேண்டாம்.

ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை உண்டு. ஆனால் எல்லா மருத்துவமனையிலும் எல்லா சிகிச்சைக்கும் கிடையாது. சேர்ப்பதற்கு முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில், "இந்த ஸ்டென்ட் சிகிச்சை இங்கே திட்டத்தில் வருமா?" என்று நேராகக் கேளுங்கள். முதலில் கையிலிருந்து கட்டிவிட்டு, அப்புறம் பில் கொடுத்து வாங்கிக்கொள்ளும் திட்டமல்ல இது. சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். வீடு திரும்பிய பிறகு சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வேண்டியிருந்தால், 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரிடம் பதிந்துவையுங்கள்.

வேலை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முகாமுக்கு மகளை அனுப்புங்கள், கட்டணம் கிடையாது. சம்பளம் எவ்வளவு என்பதோடு, வேலைக்கு எடுப்பது நிறுவனமா, இடையில் இருக்கும் கான்ட்ராக்டரா, பிஎஃப், இஎஸ்ஐ உண்டா என்றும் கேட்கச் சொல்லுங்கள். அரசு வேலைக்கு 'எம்எல்ஏ சிபாரிசு' வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்; டிஎன்பிஎஸ்சி தேர்வில் அப்படி ஒரு வழியே இல்லை. முகாமில் வேலை கிடைக்காவிட்டாலும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவுசெய்துவிடுங்கள். பதிந்து 5 ஆண்டு காத்திருந்தும் வேலை கிடைக்காதவர்களுக்கு அரசு உதவித்தொகை உண்டு. குடும்ப வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருந்தால் ப்ளஸ் டூ தேறியவருக்கு மாதம் 400 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் அந்த 5 ஆண்டுக் கணக்கு பதிவு நாளிலிருந்துதான் ஓடும். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் மறக்காதீர்கள்.

இனி ஓட்டு. மகளுக்கு, புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6. வயதுச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ போதும். 18 வயது நிறைந்துவிட்டதா என்று கணக்கிட ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1 என ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள் 2022 முதல் நடைமுறையில் இருக்கின்றன.

உங்களுக்கும் கணவருக்கும் படிவம் 6 அல்ல, படிவம் 8. வருவாய்த் துறையில் இருந்தபோது ஒவ்வொரு முகாமிலும் இந்தத் தவறைத்தான் பார்த்தேன்: வீடு மாறியவர்கள் புதிதாகப் படிவம் 6 கொடுத்துவிடுவார்கள். பழைய ஊரில் ஒரு பெயர், புது ஊரில் ஒரு பெயர். இரண்டு இடத்தில் பதிவு இருப்பது சட்டப்படி தவறு. படிவம் 8-ல் முகவரி மாற்றம் என்ற கட்டத்தை டிக் செய்து, பழைய அடையாள அட்டை எண்ணையும் இப்போதைய முகவரியையும் எழுதினால் பதிவு இங்கே மாறிவரும். கையில் மதுரை அட்டை இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டுப் போட முடியாது.

சரி, அந்தக் கையெழுத்து. படிவம் 6-ல் கையெழுத்துப் போடுபவர், வேறு எங்கும் என் பெயர் இல்லை, முதல்முறையாக விண்ணப்பிக்கிறேன் என்று உறுதிமொழி கொடுக்கிறார். நிரப்புகிறவர் உங்களுக்கும் படிவம் 6 என்றே நிரப்பிவிட்டால் அது பொய் உறுதிமொழி. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி ஓராண்டுவரை சிறையோ அபராதமோ இரண்டுமோ வரலாம். பதில் சொல்ல வேண்டியவர் நிரப்பியவர் அல்ல, கையெழுத்துப் போட்டவர். கட்சிகளின் வாக்குச்சாவடி முகவர்கள் படிவம் வாங்கிக் கொடுக்க அனுமதி உண்டு என்பதால் நோட்டீஸ் கொண்டுவந்தவரைச் சந்தேகப்பட வேண்டும் என்று சொல்லவில்லை. முழுதும் நிரப்பி, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள். அதைவிட நல்லது, உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குவது. அவர் யார் என்று தெரியாவிட்டால் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் சொல்வார்கள்.