குடல்வால் இருப்பது வலது அடிவயிற்றில். அது வீங்கும்போது வலி ஏன் தொப்புளைச் சுற்றித் தொடங்குகிறது?

பெருங்குடலின் நீளம் ஏறக்குறைய 1.5 மீட்டர். அது தொடங்கும் இடம் வலது அடிவயிறு. அங்கே, பை போன்ற முதல் பகுதியில் விரல் அளவுக்குத் தொங்குவதுதான் குடல்வால், அதாவது அப்பெண்டிக்ஸ்.

அதன் வாய் அடைபட்டு உள்ளே வீங்கும்போது, வலிச் செய்தி தண்டுவடத்தின் 10-வது மார்பு நரம்புப் பகுதிக்குப் போகிறது. தொப்புளைச் சுற்றிய தோலின் நரம்பும் அதே இடத்துக்குத்தான் வருகிறது. மூளையால் இரண்டையும் பிரித்தறிய முடிவதில்லை. அதனால்தான் முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமான வலி, குமட்டல், பசியின்மை.

சில மணி நேரத்தில் அழற்சி வயிற்றின் உட்சுவர்ச் சவ்வைத் தொடும். அந்தச் சவ்வுக்கு இடம் துல்லியமாகத் தெரியும். வலி வலப்பக்கம் இறங்கி, இருமினாலே சுள்ளென்று குத்தும். எல்லோருக்கும் இதே வரிசையில் வராது. சிறுவர், கர்ப்பிணிகள், முதியோரிடம் மாறலாம்.

தயவுசெய்து வாயு என்று நினைத்துப் பேதி மருந்து கொடுக்காதீர்கள். கடும் வலி திடீரென்று குறைந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம்; குடல்வால் வெடித்திருக்கலாம். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.