நியூஜெர்சி குழாய்த் தண்ணீருக்கு எந்த பில்டர்?

கேள்வி: நியூஜெர்சியில் வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறோம். டவுன் தண்ணீர்தான். தண்ணீர்க் கம்பெனியின் ஆண்டு அறிக்கையில் பிஃபாஸ் (PFAS) என்ற, எளிதில் சிதையாத செயற்கை ரசாயனங்கள் இருப்பதாகவும், ஆனால் வரம்புக்குள்தான் என்றும் போட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்த பில்டர் விற்பனையாளரோ டிடிஎஸ் மீட்டரை முக்கிக் காட்டி, வீடு முழுவதற்கும் ஆர்.ஓ. போடச் சொல்கிறார். எதை நம்புவது?

பதில்: முதலில் அந்த மீட்டரை மறந்துவிடுங்கள். கரைந்திருக்கும் உப்புகளை வைத்து எண் காட்டும் கருவி அது. பிஃபாஸை டிரில்லியனில் இத்தனை பங்கு என்று ஆய்வகத்தில்தான் அளக்க முடியும். மீட்டரில் எண் கூடினாலும் குறைந்தாலும் பிஃபாஸைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அறிக்கையை நம்பலாம். ஆனால் ‘வரம்புக்குள்’ என்பதோடு நிற்காமல் எண்ணைப் பாருங்கள், ஏனென்றால் வரம்பே இரண்டு இருக்கிறது. இந்த விஷயத்தில் நியூஜெர்சி முந்திக்கொண்ட மாநிலம். பிஎஃப்என்ஏ என்ற பிஃபாஸுக்கு 2018-லேயே, நாட்டில் முதலாவதாக, 13 பங்கு என்று சட்டப்படி வரம்பு வைத்தது. 2020-இல் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் என்ற இன்னும் இரண்டு பிஃபாஸுக்கு முறையே 14, 13. மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏ 2024-இல்தான் வரம்போடு வந்தது. வந்தபோது பின்னவை இரண்டுக்கும் தலா 4 என்று இன்னும் இறுக்கியது. கம்பெனிகளுக்கு 2029 வரை அவகாசம். அதையும் 2031-க்குத் தள்ளப்போவதாக 2025-இல் அறிவித்துவிட்டார்கள். ஆக, உங்கள் அறிக்கையில் பிஎஃப்ஓஏ 12 என்றிருந்தால் மாநிலக் கணக்கில் அது பாஸ், மத்தியக் கணக்கில் மூன்று மடங்கு. அப்படி இருந்தால் நான் பில்டர் வாங்கிவிடுவேன், 2031 வரை காத்திருக்க மாட்டேன்.

அதற்காக வீடு முழுவதற்கும் வேண்டாம். குடிக்க, சமைக்க சிங்க் அடியில் ஒன்று போதும். ஆர்.ஓ. என்றால் என்எஸ்எஃப் என்ற தர அமைப்பின் 58, கார்பன் என்றால் 53 சான்று வேண்டும். அந்தச் சான்றில் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் பெயர்கள் தனியாக இருக்க வேண்டும். வெறும் 42 என்றால் குளோரின் வாடையும் ருசியும்தான். கார்ட்ரிட்ஜை நாள் தவறாமல் மாற்றுங்கள். அப்புறம், கொதிக்கவைத்தால் பிஃபாஸ் போகாது. தண்ணீர் சுண்டுவதால் கொஞ்சம் அடர்த்திதான் ஆகும்.

கிணற்றுத் தண்ணீர் வீடாக இருந்திருந்தால் கதை வேறு. தனியார் கிணற்றுக்கு இந்த வரம்புகளைக் கம்பெனி யாரும் காத்துத் தர மாட்டார்கள். வீடு கைமாறும்போது பரிசோதனை செய்ய வேண்டும் என்று மட்டும் நியூஜெர்சியில் சட்டம் உண்டு.

உங்கள் அறிக்கையில் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் இரண்டும் 4-க்குக் கீழே என்றால் பிஃபாஸுக்காக நான் எதுவும் வாங்க மாட்டேன். ஆனால் ஈயம் தனிக் கணக்கு. அது பெரும்பாலும் தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் குழாயிலும் வீட்டுக் குழாய்களிலும் இருந்து வருவது. ஊர் அறிக்கையை வைத்து உங்கள் குழாயைச் சொல்ல முடியாது. உங்கள் வீட்டு இணைப்பு ஈயக் குழாயா என்று கம்பெனியிடம் கேளுங்கள், பட்டியல் வைத்திருப்பார்கள்.