பேத்திக்குச் சோறு ஊட்டலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் பொள்ளாச்சியில் ரத்தம் பார்த்ததில் ஹெச்.சி.வி. (ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி) பாசிட்டிவ் என்று வந்தது. அசதி, வாயு, கை அரிப்பு தவிர வேறொன்றும் இல்லை. தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். பேத்தியைத் தொடவே பயமாக இருக்கிறது. கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறேன். ஈரல் புற்றுநோயில்தான் முடியும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். 1994-இல் சிசேரியன் முடிந்தபின் ரத்தம் ஏற்றினார்கள். லேப் ரிப்போர்ட் இணைத்துள்ளேன்.
- வாசகி, கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம்)

பதில்: தாராளமாக ஊட்டுங்கள் அம்மா. தட்டையும் டம்ளரையும் பழைய இடத்திலேயே வையுங்கள். ஹெபடைடிஸ் சி எச்சிலில், சோற்றில், முத்தத்தில் பரவாது; ரத்தத்தோடு ரத்தம் கலந்தால்தான் பரவும். உங்கள் பிளேடு, நகவெட்டி, பல் பிரஷ் இவற்றை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். வாயுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கிருமி வந்த வழி 1994-இல் ஏற்றிய அந்த ரத்தமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ரத்த வங்கிகளில் இந்தக் கிருமிக்கான பரிசோதனை நம் நாட்டில் கட்டாயமானது 2001-இல். அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்ட எல்லோருமே, உடம்பு நன்றாக இருந்தாலும், ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். 1994-க்குப் பிறகு உங்களுக்குக் குழந்தை பிறந்திருந்தால் அதற்கும், உங்கள் கணவருக்கும் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை. ரிப்போர்ட்டின் அடியில் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) 98,000 என்று இருக்கிறது. குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டும். ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.ஓ.டி. 88; அது அதிகம். ஈரல் சுருங்கி இறுகும்போது மண்ணீரல் வீங்கி பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு எண்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சிரோசிஸ், அதாவது அந்த ஈரல் இறுக்கம், ஆரம்பித்திருக்கலாம் என்றே வருகிறது. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருக்காது, மஞ்சள் காமாலையும் இருக்காது. 'வேறொன்றும் இல்லை' என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் நம்பிக்கைக்குரிய செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை.

உங்களுக்கு வந்திருப்பது ஆன்டிபாடி பாசிட்டிவ். கிருமி ஒரு காலத்தில் நுழைந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. சிலருக்குத் தானாகவே போய்விடும். இப்போதும் இருக்கிறதா என்று சொல்வது ஹெச்.சி.வி. ஆர்.என்.ஏ. பரிசோதனை. இந்த வாரமே அதையும் வயிற்று ஸ்கேனையும் எடுங்கள். 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பாலக்காட்டுப் பக்கம் போனாலும் கோவைப் பக்கம் போனாலும் திட்டம் ஒன்றுதான். அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

கிருமி இருந்தால் பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை. ஊசி கிடையாது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குணமாகிறார்கள். யூடியூப்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். சிரோசிஸ் உறுதியானால், கிருமி போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் தொடர வேண்டும். புற்றுநோய்ப் பயத்துக்கு மருந்து அந்த ஸ்கேன்தான். ஹெபடைடிஸ் பி-யும் பார்த்து, இல்லையென்றால் தடுப்பூசி போடுங்கள். சி-க்குத் தடுப்பூசி இல்லை.

கீழாநெல்லியை இன்றே நிறுத்துங்கள். இந்தக் கிருமியை அது ஒழிக்காது. அதை நம்பி இன்னும் ஆறு மாதம் கழிந்தால் நஷ்டம் ஈரலுக்கு. வலிக்கென்று மெடிக்கலில் சொல்லி வாங்கும் மாத்திரையும் வேண்டாம். வயிறு உப்பினாலோ, மலம் தார் மாதிரி கறுத்துப் போனாலோ ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கண் டாக்டரிடம் ரிப்போர்ட்டை மறைக்காமல் காட்டுங்கள். ஹெச்.சி.வி. இருக்கிறது என்பதற்காகக் கண்புரை ஆபரேஷனை மறுக்கக் கூடாது. பிளேட்லெட் விஷயம் தெளிந்தபின் தேதி வாங்கிக்கொள்ளலாம்.