கார் கேள்வி–பதில்: ஸ்ப்ரிங்கை மாற்றவா, ஸ்டெபிலைசர் பாரை மாற்றவா?

கேள்வி: வால்பாறைக்கு அடிக்கடி போய் வருகிறேன். முன்சக்கர இழுவை உள்ள சின்ன கார். முன்னால் ஸ்ட்ரட் (ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்தது), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கேறும் குறுக்குத் தண்டு). வளைவுகளில் வண்டி ரொம்பச் சாய்கிறது, முன்பக்கம் வெளியே தள்ளுகிறது. எதை மாற்றலாம்? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: முதலில் எதையும் வாங்காதீர்கள். ஸ்டெபிலைசர் பார் என்பது இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் குறுக்குக் கம்பி. அதன் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் ராடைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ராடின் பால் ஜாயிண்ட் தேய்ந்து ‘டொக்’கென்று ஆடினால் பார் இருந்தும் இல்லாத மாதிரிதான். லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் கை) புஷ் எனும் ரப்பர் வளையம், டயர் காற்று இரண்டையும் சரிபார்த்த பிறகுதான் விறைப்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஸ்ப்ரிங் பள்ளத்திலும் வேலை செய்யும், வளைவிலும் வேலை செய்யும். ஸ்டெபிலைசர் பார் இடது வலது சக்கரங்கள் வேறு வேறு உயரத்தில் இருக்கும்போது மட்டுமே முறுக்கேறும். ஸ்பீடு பிரேக்கரில் இரண்டும் சேர்ந்து ஏறும்போது சும்மா இருக்கும். ஆகவே ஸ்ப்ரிங்கைச் சாலைக்காகத் தேர்ந்தெடுங்கள், பாரை வளைவுக்காக.

ஸ்ப்ரிங்குக்கு ஒரு கணக்கு போட்டுவிடலாம். எடை மேடையில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி எடை பாருங்கள். 600 கிலோ என்றால் பக்கத்துக்கு 300. அதில் சக்கரம், ஹப், பிரேக் எல்லாம் சேர்த்துச் சுமார் 35 கிலோவைக் கழித்தால் ஸ்ப்ரிங் தாங்குவது 265. ஸ்ட்ரட் அமைப்பில் ஸ்ப்ரிங் சக்கரத்துக்குக் கிட்டத்தட்ட நேர்மேலேயே இருப்பதால், அதன் விறைப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் சக்கரத்துக்கு வந்து சேரும். மில்லிமீட்டருக்கு 22 நியூட்டன் (ஒரு மி.மீ. அமுக்கத் தேவையான விசை) ஸ்ப்ரிங் என்றால் சக்கரத்தில் 20; மீட்டர் கணக்கில் 20,000. இதை 265ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.28ஆல் வகுத்தால் 1.38 வரும். விநாடிக்கு அத்தனை முறை வண்டி மேலும் கீழும் ஆடும் என்று பொருள். குடும்பத்தோடு போகிற காருக்கு 1.2 முதல் 1.5 வரை நல்லது. 1.8ஐத் தாண்டினால் மேடுபள்ளத்தில் டயர் ரோட்டை விட்டுத் துள்ளும், பிடிப்பு போய்விடும். கடையில் விறைப்பை மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று சொன்னால் 9.8ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இந்த எண் உங்கள் காரில் ஏற்கெனவே சரியாக இருந்தால் ஸ்ப்ரிங்கைத் தொட வேண்டாம். பாருக்கு வாருங்கள். அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும்: 18 மி.மீ. பாரை 20 ஆக்கினால் 52 சதவீதம் கூடிவிடும். 2 மி.மீ.தானே என்று நினைத்துவிடாதீர்கள்.

முன்பாரைத் தடித்தால் முன்பக்கம் இன்னும் வெளியே தள்ளும் என்பதுதான் பொது விதி. ஸ்ட்ரட் காரில் இது எப்போதும் பொருந்தாது. வண்டி 3 டிகிரி சாய்ந்தால் அந்தச் சாய்வில் பெரும்பகுதி அப்படியே சக்கரத்துக்கும் போகிறது. வெளிப்பக்க டயர் தன் தோள்பட்டையில் நிற்கிறது. காற்றும் அலைன்மெண்ட்டும் சரியாக இருந்தும் முன் டயர்களின் வெளி விளிம்பு மட்டும் உருண்டு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் தடித்த முன்பார் சாய்வைக் குறைத்து டயரை நிமிர்த்தும், தள்ளலும் குறையும். தேய்மானம் சமமாக இருந்தால் முன்பாரை விட்டுவிட்டு, பின் பீமில் போல்ட் போட்டு மாட்டும் பாரைப் பாருங்கள்.

இரண்டிலும் அளவு மீறக் கூடாது. முன்பார் மிகத் தடித்தால், ஆழியாறிலிருந்து ஏறும் அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் உள்பக்க முன்சக்கரம் எடை இழந்து வெறுமனே சுற்றும். பின்பார் மிகத் தடித்தால் ஆபத்து இன்னும் பெரிது: மழையில் இறங்கும்போது வளைவில் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் வால் வெளியே வீசும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான், அதுவும் ஒரு அளவு மட்டும்.

கேள்வி: ஸ்ப்ரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் வண்டி தாழும், சாய்வும் குறையும் என்கிறார்களே? (மதுரை வாசகர்)

பதில்: வெட்டவே வேண்டாம். 12 மி.மீ. கம்பி, 130 மி.மீ. சராசரி விட்டம், வேலை செய்யும் சுற்று நாலரை என்றால் விறைப்பு மில்லிமீட்டருக்குச் சுமார் 20.7 நியூட்டன். ஒரு சுற்று போனால் 26.6. விறைப்பு கூடுவது உண்மைதான். ஆனால் வெட்டின முனை தட்டில் சரியாக உட்காராது. சக்கரம் முழுசாகத் தொங்கும்போது ஸ்ப்ரிங் தளர்ந்து இடம் மாறும். கேஸ் கட்டரில் வெட்டினால் கம்பியின் பதமும் போய்விடும்.

சாய்வு விஷயமும் அவர்கள் சொல்வது போல் இல்லை. ஸ்ட்ரட் காரைத் தாழ்த்தினால் லோயர் ஆர்மின் சக்கரப் பக்க முனை மேலே ஏறிவிடுகிறது. வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, வண்டி இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடும். எடை மையத்துக்கும் அதற்கும் இடைவெளி கூட, சாய்க்கும் விசையும் கூடும். தாழ்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கென்றே செய்த ஸ்ப்ரிங்கை வாங்கி, 25 மி.மீ.யோடு நிறுத்துங்கள். மாட்டியதும் அலைன்மெண்ட் அவசியம்.

கேள்வி: விறைப்பான ஸ்ப்ரிங் மாட்டினேன். பழைய ஷாக் அப்சார்பர்தான். வண்டி குதிக்கிறது. (சேலம் வாசகர்)

பதில்: ஸ்ப்ரிங் 50 சதவீதம் விறைத்தால் அதை அடக்க ஷாக் அப்சார்பர் சுமார் 22 சதவீதம் கூடுதலாகத் தடுக்க வேண்டும். பழையதால் முடியாது. இன்னொன்றையும் பாருங்கள்: தூசி உறையைத் தூக்கி, ராடில் மெல்லிய கேபிள் டை ஒன்றைக் கட்டி, ஷாக் உடலோடு ஒட்ட இறக்கிவிட்டு ஓட்டுங்கள். டை மேலே போய் பம்ப் ஸ்டாப்பை (ஷாக் கடைசி வரை அமுங்கும்போது தாங்கும் ரப்பர்) தொட்டிருந்தால் நீங்கள் ஸ்ப்ரிங்கில் ஓடவில்லை, ரப்பரில் மோதி ஓடுகிறீர்கள்.

ஸ்ட்ரட்டைப் பிரிக்கும்போது இரண்டு ஸ்ப்ரிங் கம்ப்ரஸரை எதிரெதிரே மாட்டி, மேல் தட்டில் அழுத்தம் இல்லை என்று உறுதியான பிறகே நடு நட்டைத் தொடுங்கள். உயிர் போகிற வேலை அது.

கேள்வி: 20 மி.மீ. பார் மாட்டியதிலிருந்து ‘டக் டக்’ சத்தம். (திருச்சி வாசகர்)

பதில்: புஷ்ஷின் துளையை வெர்னியரில் அளந்து பாருங்கள், பழைய பாருக்கான புஷ்ஷையே மாட்டியிருப்பார்கள், அல்லது துளை பெரிதாக இருக்கும். பாலியூரித்தேன் புஷ் என்றால் சிலிக்கோன் கிரீஸ் மட்டும் தடவுங்கள். லிங்க் ராடு நட்டுகளை ஜாக்கியில் தூக்கி வைத்து முறுக்கியிருந்தால் தளர்த்தி, நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்போது மறுபடி இறுக்குங்கள். பிறகு ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, பார் எங்காவது டயரையோ பிரேக் ஹோஸையோ உரசுகிறதா என்று கீழே படுத்துப் பாருங்கள்.