எலும்பு மாத்திரை சாப்பிடும் அம்மாவுக்குப் பல் பிடுங்கலாமா?

சகோதரி, எலும்புப்புரைக்காக (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்) வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை சாப்பிடும் அம்மாவுக்குக் கடைவாய்ப்பல் சொத்தையாகிவிட்டது, பிடுங்கினால் தாடை எலும்பு அழுகிவிடும் என்று யாரோ சொன்னதால் மாத்திரையையே நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த மருந்து எலும்பில் பல ஆண்டுகள் தங்கியிருக்கும். சில வாரம் விடுவதால் தாடைக்குப் பெரிய பயன் இல்லை.

பயம் முற்றிலும் பொய்யல்ல. பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்களை இம்மருந்து அடக்குவதால், பல் பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பு வெளியே தெரிவது உண்டு. ஆனால் புற்றுநோய்க்காக இவ்வகை மருந்தை அதிக அளவில் ஊசியாகப் போடுபவர்களுக்கே அது அதிகம். வார மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மிகவும் அரிது. சீழ் பிடித்த சொத்தைப் பல்லை அப்படியே விட்டால், அந்தச் சீழும் அதே எலும்பைத்தான் அரிக்கும்!

பல் மருத்துவரிடம் மருந்துச் சீட்டைக் காட்டி, எத்தனை ஆண்டுகளாகச் சாப்பிடுகிறார் என்பதைச் சொல்லுங்கள். ரூட் கெனால் செய்து பல்லைக் காப்பாற்ற முடியுமா என்று கேளுங்கள். எலும்பைத் தொடாத சிகிச்சை அது. பிடுங்கியே ஆகவேண்டும் என்றால் எலும்பு மருத்துவரையும் கலந்து பேசச் சொல்லுங்கள். சர்க்கரை நோய், ஸ்டீராய்டு மாத்திரை, புகையிலை போடும் பழக்கம் இருந்தால் மறைக்க வேண்டாம், மூன்றுமே புண் ஆறுவதைக் கெடுக்கும். பிடுங்கிய பிறகு வலி குறையாமல் கூடினாலோ, ஈறுக்கு நடுவே வெளிறிய எலும்பு தெரிந்தாலோ அன்றே அழைத்துச் செல்லுங்கள்.